ஏ.எல்.ரி இறங்கிவிட்டது, ஈரல் சுகமாகிவிட்டதா?

யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த கேள்வி இது: "அப்பாவுக்கு வயது 58. சலரோகம் வந்து பத்து வருடம். இரண்டு வருடத்துக்கு முன்பு வயிற்று ஸ்கானில் ஈரலில் கொழுப்பு, கிரேட் 2 என்று எழுதினார்கள். அப்போது ஏ.எல்.ரி 78, ஏ.எஸ்.ரி 44, பிளேற்லெற் 238,000. போன கிழமை பார்த்தபோது ஏ.எல்.ரி 36, ஏ.எஸ்.ரி 45, பிளேற்லெற் 172,000. நிறை மாறவில்லை. ஈரல் சுகமாகிவிட்டது, இனி இரத்தம் குத்திப் பார்க்கத் தேவையில்லை என்கிறார் அப்பா. அது சரியா? எந்தக் கட்டத்தில் எந்த எண் கூடும், எது குறையும்?"

சுகமாகிவிட்டது என்று இந்த எண்களை வைத்துச் சொல்ல முடியாது. (ஏ.எல்.ரி, ஏ.எஸ்.ரி இரண்டும் ஈரல் நொதியங்கள், பிளேற்லெற் என்பது இரத்தம் உறைய உதவும் சின்னக் கலம்.) முதலாவது றிப்போட்டை விட இரண்டாவதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. உங்களைப் பயப்படுத்த இதைச் சொல்லவில்லை. நீண்ட காலம் மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை செய்தவன் நான். ஏ.எல்.ரி குறைந்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, பிறகு பல வருடம் பரிசோதனைப் பக்கமே வராமல், கால் வீங்கி வயிற்றில் நீர் கட்டிய பிறகு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஸ்கானில் எழுதும் கிரேட் 1, 2, 3 என்பது ஈரல் எவ்வளவு வெளிறித் தெரிகிறது, அதாவது எவ்வளவு கொழுப்பு படிந்திருக்கிறது என்பதற்கான அளவு. நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது வேறு கணக்கு. அது ஈரலில் விழுந்திருக்கும் தழும்பைப் பொறுத்தது. தழும்பே இல்லாவிட்டால் எஃப் 0, ஈரல் சுருங்கி முடிச்சு முடிச்சாகிவிட்ட சிரோசிஸ் என்றால் எஃப் 4. கிரேட் 3 கொழுப்பு உள்ள ஒருவருக்குத் தழும்பு கொஞ்சமும் இல்லாமல் இருக்கலாம். கிரேட் 1 உள்ளவருக்கு எஃப் 3 இருக்கலாம். அதோடு, தழும்பு முற்றும்போது ஈரலில் இருக்கும் கொழுப்பு தானாகவே குறைந்து போவதும் உண்டு. ஸ்கானில் கிரேட் குறைந்திருப்பதாக வந்தாலும், நிறை குறையாமல் அது ஏன் குறைந்தது என்று கேட்க வேண்டும்.

இனி ஏ.எல்.ரி, ஏ.எஸ்.ரி. பழைய றிப்போட்களில் எஸ்.ஜி.பி.ரி, எஸ்.ஜி.ஓ.ரி என்று இருப்பவையும் இவைதான். இரண்டுமே ஈரல் கலங்களுக்குள் இருக்க வேண்டிய நொதியங்கள். கலம் காயப்பட்டால் இரத்தத்துக்குள் கசியும். ஆகவே அவை காட்டுவது, இந்தக் கிழமை எத்தனை கலங்கள் காயப்படுகின்றன என்பதைத்தான். இத்தனை வருடத்தில் எவ்வளவு தழும்பு சேர்ந்துவிட்டது என்பதை அவை காட்டுவதில்லை. ஈரல் தன் வேலையைச் சரியாகச் செய்கிறதா என்பதையும் காட்டுவதில்லை. அதற்கு அல்புமின் (ஈரல் செய்யும் புரதம்), பிலிருபின் (செங்கமாரியில் கூடும் மஞ்சள் நிறப் பொருள்), இரத்தம் உறையும் நேரம் என்று வேறு எண்கள் இருக்கின்றன. ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் சேர்த்து ஈரல் தொழிற்பாட்டுப் பரிசோதனை என்று ஒரே தாளில் தருவதால், ஏ.எல்.ரி நன்றாக இருந்தால் ஈரலும் நன்றாக இருக்கிறது என்று ஆட்கள் நினைத்துவிடுகிறார்கள்.

கொழுப்பு மட்டும் படிந்திருக்கும் தொடக்கக் கட்டத்தில் ஈரல் சம்பந்தப்பட்ட எண்கள் முழுக்கச் சரியாகவே இருக்கலாம். இது அரிதல்ல, மிகவும் சாதாரணம். இலங்கையின் றாகமைப் பகுதியில் வளர்ந்தோரிடம் ஸ்கான் செய்து பார்த்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மதுவுடன் தொடர்பில்லாத கொழுப்பு ஈரல் இருந்தது. அப்படி உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு எந்த நோவும் இருக்காது. எண் மாறினாலும் ஏ.எல்.ரி கொஞ்சம் கூடி, ஏ.எஸ்.ரியை விட மேலே நிற்கும். ஜி.ஜி.ரி என்ற இன்னொரு ஈரல் நொதியமும் கூடலாம். இந்தக் கட்டத்தில் உண்மையைச் சொல்வது பெரும்பாலும் ஈரல் தாள் அல்ல, பக்கத்தில் இருக்கும் மற்றத் தாள்கள்: கூடின ட்ரைகிளிசரைட், குறைந்த எச்.டி.எல் (நல்ல கொலஸ்ட்ரோல்), கூடின சாப்பாட்டுக்கு முந்திய சீனி. இடுப்புச் சுற்றளவையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். எங்கள் பகுதி ஆட்களுக்கு ஆண்களில் 90 சென்ரிமீற்றர், பெண்களில் 80 சென்ரிமீற்றர் தாண்டினாலே கவனம் தேவை. ஆள் மெலிவு, வயிறு மட்டும் முன்னுக்கு நிற்கிறது என்பவர்களும் இதற்குள் அடங்குவார்கள்.

உடலில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டும் பெரிற்றின் கூடியிருந்தால் இரும்புச் சத்துக் கூடிவிட்டது என்று பயப்படுகிறவர்கள் பலர். கொழுப்பு ஈரலில் பெரிற்றின் தானாகவே கூடலாம். கூடவே ட்ரான்ஸ்பெரின் செறிவையும், அதாவது இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதையும் பார்த்தால் உண்மையில் இரும்புதான் பிரச்சினையா என்று தெளிவாகும்.

அடுத்தது, கொழுப்போடு அழற்சியும் சேரும் கட்டம். ஏ.எல்.ரி இன்னும் கூடலாம். ஆனால் பல நூறுக்குப் போவது கொழுப்பு ஈரலின் வழக்கமல்ல. அப்படி வந்தால் வைரஸ், மருந்து, மூலிகை என்று வேறு காரணத்தைத் தேட வேண்டும். கொழுப்பு மட்டுமா, அழற்சியும் இருக்கிறதா என்று உறுதியாகப் பிரித்துச் சொல்லும் சாதாரண இரத்தப் பரிசோதனை இன்றைக்கும் கிடையாது. ஈரலில் சின்னத் துண்டெடுத்துப் பார்த்தால்தான் அது தெரியும். எல்லோருக்கும் அதைச் செய்வதில்லை, செய்யவும் தேவையில்லை. இந்த நோயில் ஆயுளைத் தீர்மானிப்பது தழும்புதான் என்பதால், டொக்டர்கள் இப்போது தேடுவதும் அதைத்தான்.

ஆய்வுகூடத் தாளில் அச்சடித்திருக்கும் எல்லையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பல இடங்களில் ஏ.எல்.ரி 40 அல்லது 45 வரை சரி என்று போட்டிருப்பார்கள். ஆரோக்கியமான ஆட்களில் ஆணுக்கு 33, பெண்ணுக்கு 25 தாண்டுவதே கூடுதல் என்று அமெரிக்க இரைப்பைக் குடல் மருத்துவர்களின் 2017 வழிகாட்டல் சொல்கிறது. அப்படிப் பார்த்தால் உங்கள் அப்பாவின் 36கூடச் சரியான எண் அல்ல.

சரி, தழும்புக்கு வருவோம். நீங்கள் கேட்டதற்கான உண்மையான பதில் இங்கேதான் இருக்கிறது. தழும்பு கூடக் கூட மூன்று விடயங்கள் மெதுவாக நடக்கும். ஏ.எல்.ரி இறங்கும். ஏ.எஸ்.ரி அவ்வளவாக இறங்காது. கடைசியில் ஏ.எஸ்.ரி ஏ.எல்.ரியைத் தாண்டி மேலே போகும். மூன்றாவது, பிளேற்லெற் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். இதற்கு இரண்டு காரணம். ஈரல் இறுகும்போது அதற்குள் வரும் நாளத்தில் அழுத்தம் கூடி மண்ணீரல் பெருக்கும், பெருத்த மண்ணீரல் பிளேற்லெற்றுகளைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். அதோடு, பிளேற்லெற் உண்டாவதைத் தூண்டும் திராம்போபொயற்றின் என்ற ஓமோனைச் செய்வதும் பெரும்பாலும் ஈரல்தான், அந்த உற்பத்தியும் குறையும்.

இப்போது அப்பாவின் இரண்டு றிப்போட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முன்பு ஏ.எல்.ரி ஏ.எஸ்.ரியை விட நன்றாக மேலே இருந்தது. இப்போது ஏ.எஸ்.ரி மேலே. பிளேற்லெற் 238,000இல் இருந்து 172,000. ஆய்வுகூடத் தாளில் 150,000க்கு மேல் எல்லாம் சரி என்றுதான் இருக்கும், யாரும் சிவப்பு மையால் கோடு போட்டிருக்க மாட்டார்கள். ஆனால் இரண்டு வருடத்தில் ஒரே ஆளில் இவ்வளவு குறைந்தது கவனிக்க வேண்டிய விடயம்.

இந்த எண்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க ஃபிப்-4 என்றொரு கணக்கு இருக்கிறது. வயதை ஏ.எஸ்.ரியால் பெருக்குங்கள். பிளேற்லெற்றை ஆயிரத்தில் எடுத்து, அதை ஏ.எல்.ரியின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதலாவதை இரண்டாவதால் பிரியுங்கள். இரண்டு வருடத்துக்கு முன்பு: 56ஐ 44ஆல் பெருக்க 2464. 78இன் வர்க்கமூலம் 8.83, அதை 238ஆல் பெருக்க ஏறத்தாழ 2102. விடை 1.17. இப்போது: 58ஐ 45ஆல் பெருக்க 2610. 36இன் வர்க்கமூலம் 6, அதை 172ஆல் பெருக்க 1032. விடை 2.53.

1.3க்குக் கீழே இருந்தால் கடுமையான தழும்பு இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. 2.67க்கு மேலே போனால் வாய்ப்பு அதிகம், ஈரல் மருத்துவ நிபுணரிடம் காட்ட வேண்டும். 65 வயது தாண்டியவர்களுக்கு 1.3க்குப் பதிலாக 2.0 என்று எடுப்பார்கள், ஏனென்றால் வயதே எண்ணைக் கூட்டிவிடும். 35 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இந்தக் கணக்கு நம்பகமில்லை. உங்கள் அப்பா கீழ் எல்லையைத் தாண்டி மேல் எல்லைக்குக் கிட்ட நிற்கிறார். ஏ.எல்.ரி கணக்கில் கீழே, பிரிக்கும் பக்கத்தில் இருப்பதைக் கவனியுங்கள். ஏ.எஸ்.ரி குறையாமல் ஏ.எல்.ரி மட்டும் குறைந்தால் ஃபிப்-4 கூடும். வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்ட அதே இறக்கம்தான் இந்த எண்ணை மேலே தள்ளியிருக்கிறது.

ஆனால் இதை வைத்து அப்பாவுக்குத் தழும்பு இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. ஃபிப்-4 நன்றாகச் செய்கிற வேலை, ஆபத்தில்லாதவர்களைப் பிரித்து விடுவதுதான். மேலே வந்தவர்களில் பலருக்கு அடுத்த பரிசோதனையில் ஒன்றும் இல்லாமல் போகும். அதற்கு முதல், எண்களே சரியா என்று பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் இருக்கிறவர்களுக்கு இந்த இடம் முக்கியம்.

முதலாவது டெங்கு. ஐப்பசி, கார்த்திகை மழையோடு தொடங்கித் தை வரை எங்கள் பக்கம் டெங்குக் காலம். டெங்குவில் பிளேற்லெற் விழும், ஏ.எஸ்.ரி ஏ.எல்.ரியை விடக் கூடும். தழும்பு முற்றினவரின் றிப்போட் எப்படி இருக்குமோ, அச்சாக அப்படியே இருக்கும். காய்ச்சல் வந்த கிழமையில் எடுத்த எண்களை ஃபிப்-4 கணக்கில் போட்டால் வருவது வெறும் பயம்தான். வேறு எந்த வைரஸ் காய்ச்சலுக்கும் இது பொருந்தும். முழுக்கச் சுகமாகி ஒன்றிரண்டு மாதம் கழித்து எடுத்த இரத்தத்தை வைத்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். அப்பாவுக்கு அண்மையில் காய்ச்சல் வந்ததா என்று கேளுங்கள்.

இரண்டாவது உடல் வேலை. ஏ.எஸ்.ரி தசையிலும் இருக்கிறது. வெங்காயத் தோட்டம் கொத்திவிட்டு அடுத்த நாள் காலையில் வந்து இரத்தம் கொடுத்தால் ஏ.எஸ்.ரி கூடித்தான் வரும். இரண்டு மூன்று நாள் கடுமையான வேலை இல்லாமல் இருந்து கொடுப்பது நல்லது.

மூன்றாவது எங்கள் ஆய்வுகூடப் பக்கத்துப் பிரச்சினை. செங்கலங்களுக்குள்ளும் ஏ.எஸ்.ரி உண்டு. நாளம் கிடைக்காமல் திரும்பத் திரும்பக் குத்தினாலோ, எடுத்த குழாய் வெயிலில் நெடுநேரம் கிடந்தாலோ செங்கலங்கள் உடைந்து ஏ.எஸ்.ரி பொய்யாகக் கூடும். பிளேற்லெற்றும் சிலருடைய இரத்தத்தில், உறையாமல் இருக்க ஈ.டி.ரி.ஏ போட்ட குழாய்க்குள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும், மெசின் அவற்றை எண்ணாமல் விட்டுக் குறைத்துக் காட்டும். கண்ணாடித் தட்டில் பூசி நுணுக்குக்காட்டியில் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். பிளேற்லெற் எதிர்பாராமல் குறைந்திருந்தால் தட்டில் பார்த்தீர்களா என்று ஆய்வுகூடத்தில் கேட்பதில் தவறே இல்லை. நல்ல ஆய்வுகூடம் அந்தக் கேள்வியை விரும்பும்.

நாலாவது மது. கள்ளோ சாராயமோ தொடர்ந்து குடித்து ஈரல் பழுதானவர்களில் ஏ.எஸ்.ரி ஏ.எல்.ரியைப் போல இரண்டு மடங்குக்கு மேலே போவது வழக்கம். ஜி.ஜி.ரி நன்றாகக் கூடும், செங்கலத்தின் பருமனைக் காட்டும் எம்.சி.வியும் கூடலாம். அப்பாவின் விகிதம் 1.25தான், அது மதுவை நேரடியாகக் காட்டவில்லை. ஆனாலும் பிள்ளைகளுக்கு முன்னால் எங்கள் அப்பாமார் இதைச் சொல்ல மாட்டார்கள். டொக்டரோடு தனியாகக் கதைக்க அவருக்கு இடம் கொடுங்கள். கொழுப்பு ஈரலும் மதுவும் ஒரே ஆளில் சேரும்போது தழும்பு வேகமாகக் கூடுகிறது.

இவை ஒன்றும் இல்லை, திரும்ப எடுத்தும் எண்கள் இப்படித்தான் வருகின்றன என்றால், அடுத்த படி ஃபைப்ரோஸ்கான். அது இரத்தப் பரிசோதனை அல்ல. ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று விலாவுக்கு மேலே வைத்து அளக்கும் கருவி, நோவு இல்லை. 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே என்றால் கடுமையான தழும்பு இருக்க வாய்ப்பில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். 12க்கு மேலே என்றால் கூடிய வாய்ப்பு. சாப்பிட்டுவிட்டுப் போனால் எண் கூடிவிடும், குறைந்தது மூன்று மணித்தியாலம் வெறும் வயிறாக இருக்க வேண்டும். ஒருமுறை ஹெப்படைட்டிஸ் பி, சி இரண்டுக்கும் இரத்தம் பார்த்துவிடுவதும் இந்த வேளையில் செய்ய வேண்டியது.

எஃப் 4க்குப் போனாலும் தொடக்கத்தில் ஆள் நன்றாகத்தான் இருப்பார். பிளேற்லெற் 150,000க்குக் கீழே போகத் தொடங்கும். அல்புமினும் மெதுவாக இறங்கும், குளோபியூலின் என்ற மற்றப் புரதம் கூடும், தாளில் ஏ-ஜி விகிதம் என்று போட்டிருக்கும் எண் 1க்குக் கீழே வரலாம். அல்புமின் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ மூன்று கிழமை எடுக்கும் என்பதால் அது திடீரென்று விழாது. உறைவு நேரத்தைச் சொல்லும் ஐ.என்.ஆர் கூடினால் ஈரலின் உற்பத்தி குறைகிறது என்று பொருள். பிலிருபின் கூடுவது பொதுவாகப் பிந்தித்தான். செங்கமாரி வந்தால்தானே ஈரல் வருத்தம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு, கொழுப்பு ஈரலில் அது கடைசி அடையாளங்களில் ஒன்று என்பது தெரிய வேண்டும். சோடியம் குறைவதும் அந்தக் கடைசிப் பகுதியில்தான்.

இந்தக் கட்டத்தில் இன்னொரு பொய்யான ஆறுதலும் உண்டு. முற்றின சிரோசிஸில் கொலஸ்ட்ரோல் இறங்கும், ஏனென்றால் அதைச் செய்யும் ஈரலே களைத்துவிட்டது. மண்ணீரல் பெருத்துச் செங்கலங்களின் ஆயுள் குறைவதால், மூன்று மாதச் சீனியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சியும் உண்மையை விடக் குறைவாகக் காட்டும். சலரோகமும் கொலஸ்ட்ரோலும் தானாகவே மாறிவிட்டன என்று வீட்டில் மகிழ்ச்சி. வெளித் தெரியும் காரணம் இல்லாமல் பல வருடச் சலரோகம் திடீரென்று குறைந்தால் பிளேற்லெற்றையும் அல்புமினையும் கட்டாயம் பாருங்கள். சிரோசிஸ் என்று உறுதியானவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கானும், அதோடு ஏ.எவ்.பி என்ற இரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். ஈரலில் புற்றுநோய் தொடங்கினால் நேரத்தோடு பிடிப்பதற்காக.

எல்லோரும் இந்தப் பாதையில் கடைசி வரை போவதில்லை. ஒரு கட்டம் தழும்பு கூடுவதற்குக் கொழுப்பு மட்டும் உள்ளவர்களில் சராசரியாகப் பதினான்கு வருடமும், அழற்சி உள்ளவர்களில் ஏழு வருடமும் எடுப்பதாக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தெரிந்தது. சிலரில் வேகம் கூட. கொழுப்பு ஈரல் உள்ளவர்களில் அதிகமானோரின் உயிரை எடுப்பது ஈரலை விட இதயம். ஆகவே ஈரல் பழுதாகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அப்பா கொலஸ்ட்ரோல் குளிசையை நிற்பாட்ட விடாதீர்கள். அற்றோவஸ்ரற்றின் போன்ற ஸ்ரற்றின் குளிசைகள் கொழுப்பு ஈரலில் பாதுகாப்பானவை, இதயத்துக்குத் தேவையானவை. கீழ்க்காய்நெல்லிச் சாறு, சீந்தில் என்று எதையாவது குடித்துக்கொண்டிருந்தால் டொக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். சீந்தில் குடித்து ஈரல் அழற்சி வந்தவர்களைப் பற்றி இந்திய மருத்துவர்கள் 2021இல் எழுதியிருக்கிறார்கள்.

ஏ.எல்.ரி நல்ல காரணத்துக்காகக் குறைவதும் உண்டு. அப்போது கூடவே நிறை குறைந்திருக்கும், ஏ.எஸ்.ரியும் இறங்கியிருக்கும், பிளேற்லெற் அசையாமல் நிற்கும். உடல் நிறையில் நூற்றுக்கு 5 குறைந்தால் ஈரல் கொழுப்பு குறையும், 7 முதல் 10 குறைந்தால் அழற்சி அடங்கும், 10க்கு மேலே போனால் தழும்பே ஓரளவு கரையத் தொடங்கும். 80 கிலோ உள்ளவருக்கு அது 8 கிலோ, ஒரு வருடத்தில் செய்யக்கூடியதுதான். தேத்தண்ணிச் சீனி, சோடா, பின்னேரத்துப் பணிஸ், இரவுக்குக் குவியலாகப் புட்டு, இவற்றில் கை வைத்தாலே பாதி வேலை முடியும். கோப்பி குடிப்பவர்களில் தழும்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன, அப்பாவுக்குக் கோப்பி பிடிக்கும் என்றால் சீனி போடாமல் குடிக்கட்டும், தடுக்க வேண்டாம். மருந்தும் வந்திருக்கிறது: எஃப் 2, எஃப் 3 தழும்பு உள்ளவர்களுக்கு ரெஸ்மெட்டிரோம் என்ற மருந்தை அமெரிக்கா 2024இல் அனுமதித்தது, செமகுளூட்டைட்டை 2025இல். யாருக்கு அவை தேவை என்பது ஃபைப்ரோஸ்கானுக்குப் பிறகு வரும் கேள்வி.

உங்கள் கையில் இப்போது இருக்கும் வேலை இதுதான். கிளினிக் கொப்பிக்குள் இருக்கும் எல்லாத் தாள்களையும் எடுத்து, திகதி, ஏ.எல்.ரி, ஏ.எஸ்.ரி, பிளேற்லெற், அல்புமின் என்று ஒரே தாளில் வரிசையாக எழுதுங்கள். இரண்டு வருட இடைவெளியில் எடுத்த மற்ற எண்களும் இருந்தால், பிளேற்லெற் படிப்படியாக இறங்கியதா, இந்த ஒருமுறை மட்டும் விழுந்ததா என்று அதிலேயே தெரியும். காய்ச்சல் இல்லாத நேரமாகப் பார்த்து முழு இரத்த எண்ணிக்கை, ஏ.எல்.ரி, ஏ.எஸ்.ரி, அல்புமின், பிலிருபின், ஐ.என்.ஆர் இவற்றை ஒரே நாளில், ஒரே ஆய்வுகூடத்தில் எடுங்கள். ஃபிப்-4 திரும்பவும் 1.3க்கு மேலே வந்தால் அந்தத் தாளோடு டொக்டரிடம் போய் ஃபைப்ரோஸ்கான் பற்றிக் கேளுங்கள். 1.3க்குக் கீழே வந்தால் நல்லது. ஆனாலும் சலரோகம் உள்ளவர் என்பதால் வருடத்துக்கு ஒருமுறை, பிந்தினால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இதே கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். இதற்கிடையில் வாந்தியில் இரத்தம், தார் போலக் கறுத்த மலம், வயிறு ஊதுதல், நேரம் காலம் தெரியாமல் குழம்பிப் பேசுதல், இவற்றில் ஒன்று வந்தாலும் றிப்போட்டுக்குக் காத்திராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.